தண்ணியில கிடக்கற எருமைக்கு விலை பேசின கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல எந்த ஊட்டுக்கு எந்த ஜாதி நாய் ஒத்துவரும்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாதான் இருந்துச்சு, படமெல்லாம் அழகு. ஆனா அந்த நாயை யார்கிட்ட போய் எப்படி பாத்து வாங்கறதுன்னு ஒரு வரி கூட இல்ல சார். அந்த ஒரு வரி தெரியாமதான் எங்க ஊட்டுல பணமும் போச்சு, ஒரு உயிரும் போச்சு, அதான் எழுதறேன்.

எங்களுக்கு பொய்கை பக்கம். செவ்வாய்க்கிழமையானா மாட்டுச்சந்தை கூடற ஊரு, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். எங்க நைனா அந்த சந்தையிலயே பாதி ஆயுசு கிடந்தவரு. ஒரு மாட்டை பிடிச்சுப் போச்சுன்னா கூட நேரா போய் விலை கேக்க மாட்டாரு, மொதல்ல ஒரு சுத்து சுத்தி வருவாரு, வாயைத் தொறந்து ரெண்டு பல்லா நாலு பல்லா கடை சேந்துடுச்சான்னு பாப்பாரு, சுழி பாப்பாரு, பத்தடி நடக்க வுட்டு பின்னங்காலை பாப்பாரு, கறவையா இருந்தா அங்கயே குந்தி நாலு காம்பையும் பீச்சிப் பாப்பாரு, இவ்ளோத்துக்கும் அப்புறமேட்டுதான் விலை பேச துண்டுக்குள்ள கைய வுட்டு விரலைப் புடிக்கறது. தண்ணியில கிடக்கற எருமைக்கு விலை பேசறவன் முட்டாள்னு சொல்லுவாரு. இதெல்லாம் கூடவே நின்னு பாத்து வளந்தவன் நானு.

அப்படிப்பட்ட நான் நாய் வாங்கினது எப்படி தெரியுமா, வாட்ஸ்அப்ல நாலு போட்டோ பாத்து.

எட்டாவது படிக்கற என் பொண்ணுக்கு லேப், அதான் லாப்ரடார் நாய், வேணும்னு ரெண்டு வருஷமா நச்சரிப்பு. மச்சான் ஒரு நம்பர் குடுத்தாரு. போட்டா அந்தாளு, "ஹெவி போன் (கனமான எலும்பு) சார், அப்பா சாம்பியன் லைன், 45 நாளு ஆச்சு, ஊசி போட்டாச்சு, இன்னிக்கி அட்வான்ஸ் போடலன்னா சாயந்திரம் வேற பார்ட்டி எடுத்துடுவாங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்றான். ஊட்டுக்கு வந்து தாய் நாயோட பாக்கறேன்னேன். "எதுக்கு சார் அலையறீங்க, நானே வாலாஜா டோல்கேட்டாண்ட எடுத்தாந்து குடுக்கறேன்"னான். எனக்கு அது உபகாரமா தெரிஞ்சுது பாருங்க. 12,000 ரூபா. கார் இஞ்சினைக் கூட ஆஃப் பண்ணல, பிஸ்கட் அட்டைப்பொட்டியில இருந்து குட்டிய எடுத்து பாப்பா கையில வச்சுட்டு போய்ட்டான்.

மூணாம் நாளு வாந்தி. நாலாம் நாளு ரத்தமா பேதி, அந்த நாத்தம் இன்னும் மூக்குல நிக்குது. டாக்டர்கிட்ட தூக்கினு ஓடினா அவரு மொதல்ல பண்ணின வேலையே குட்டி வாயைத் தொறந்து பாத்ததுதான். "கடவாப்பல்லு இன்னும் சரியா முளைக்கல, 30 நாளைக்கு மேல இருக்காது, 45னு எவன் சொன்னான்"னாரு. சந்தையில பல்லு பாக்கறவரோட புள்ள நான், தலையத் தொங்கப்போட்டுகினு நின்னேன். ஊசி கார்டைக் குடுத்தேன், அதுலயும் வெறும் பேனாவுல தேதி மட்டும். ஊசி மருந்து பாட்டில்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை உரிச்சு கார்டுல ஒட்டுவாங்களாம், பக்கத்துல டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கணுமாம், எங்களுதுல ரெண்டுமே இல்ல. "பார்வோ"ன்னாரு, குட்டி நாய்ங்களுக்கு வர்ற வைரஸ் பேதி நோயாம். ட்ரிப்ஸ் ஏத்தினாங்க, ரெண்டு ராத்திரி பொண்ணும் நானும் மாத்தி மாத்தி முழிச்சோம். ஆறாம் நாளு விடிகாலையில போய்டுச்சு. தென்னமரத்தாண்ட புதைச்சோம்.

அந்தாளுக்கு போன் பண்ணேன். "குடுக்கும்போது நல்லாத்தான சார் இருந்துச்சு, நீங்க பால் கீல் குடுத்திருப்பீங்க"ன்னுட்டு வச்சுட்டான்.

டாக்டர் பொறுமையா உக்கார வச்சு சொன்னதுல பாதிதான் ஞாபகம் இருக்கு, அதை எழுதறேன். தாய்ப்பால்ல வர்ற எதிர்ப்புசக்தி குட்டி உடம்புல கொஞ்சம் கொஞ்சமா இறங்கினே வருமாம். அது இருக்கறவரைக்கும் ஊசி மருந்து சரியா வேலை செய்யாது, அது போனப்புறம் ஊசி இல்லன்னா குட்டிக்கு காபந்து இல்ல. அதனாலதான் ஆறேழு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் ஆகறவரைக்கும் திரும்பத் திரும்பப் போடறது. ஒரு ஊசி போட்டாச்சு சார்னு எவனாவது சொன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. அந்த பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல கிடக்குமாம், சாதா பினாயிலுக்கெல்லாம் சாகாது, ப்ளீச்சிங்குக்குதான் கேக்குமாம், அதனால உடனே இன்னொரு குட்டிய இதே ஊட்டுக்கு கொண்டாராதீங்கன்னாரு. (டாக்டருக்கு நான் குடுத்த பீஸ் குட்டி விலைல பாதி. அதைப் பத்தி பேச்சில்ல.)

இதுக்கெல்லாம் சட்டமே இருக்குதுன்னு அப்பதான் தெரிஞ்சுது. 2017ல சென்ட்ரல் கவர்மென்ட்டு ரூல்ஸ் போட்டிருக்கு. நாய் குட்டி போட வச்சு விக்கறவங்க மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். 8 வாரம் ஆகாத குட்டிய விக்கவே கூடாது, அதாவது 56 நாளு. இந்த 45 நாளு கணக்கை எவன் கிளப்பிவுட்டானோ தெரியல, ஊர்ல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. பொட்ட நாய்க்கு 18 மாசம் ஆகறதுக்கு முன்ன ஜோடி சேக்கக்கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, மொத்த ஆயுசுக்கும் அஞ்சுதான். குட்டிய தாயோட பாக்க வுடமாட்டேன்னு டோல்கேட்டுக்கு வர்றான்னா, ஒண்ணு தாய் அவன்கிட்ட இல்ல, இல்லன்னா நாம பாக்கற நெலமையில இல்ல. எலும்பும் தோலுமா ஏதோ ஒரு கூண்டுல ஹீட்டுக்கு ஹீட்டு குட்டி போட்டுகினு கிடக்குது அது. நாம அனுப்பற ஜிபே அந்தக் கூண்டுக்குத்தான் போவுது சார், எனக்கு குட்டி செத்ததை விட இதுதான் ராத்திரில உறுத்துது.

பாப்பா திரும்ப கேக்கல. நான்தான் ஒரு வருஷம் கழிச்சு தேடினேன். குடியாத்தத்துல ஒருத்தரு, ரெண்டே நாய் வச்சிருக்காரு. போன்ல விலை கேட்டேன், சொல்லல. குடும்பத்தோட வாங்க பேசலாம்னாரு. போனா கேள்வி எல்லாம் அவருதான் கேக்கறாரு, வாடகை வூடா சொந்த வூடா, பகல்ல ஊட்டுல யாரு இருப்பாங்க, கட்டிப்போடுவீங்களா, ஊருக்கு போனா யார் பாத்துப்பாங்க, பொண்ணு குடுக்கற ஊட்டுல கூட இப்படி விசாரிக்க மாட்டாங்க. என் ஊட்டுக்காரிக்கு கோவமே வந்துடுச்சு. அப்புறம் தாய் நாய் தானா வந்து பாப்பா மடியில மூஞ்ச வச்சுது பாருங்க, அங்கதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. தாயைத் தண்ணித்துறையில பாத்தா மகளை ஊட்டுல பாக்க வேணாம்னு பழமொழி நமக்குத்தான இருக்கு. தாய் பயந்து மூலையில ஒதுங்குதா, உறுமுதா, வந்து ஒட்டுதா, குட்டி பெருசானா எப்படி இருக்கும்னு அதுலயே பாதி தெரிஞ்சுடும்.

லேபுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டு கோளாறு பரம்பரையா வருமாம், தாய்க்கு மெட்ராஸ்ல எடுத்த எக்ஸ்ரேவை எடுத்துக் காட்டினாரு. கென்னல் கிளப் பேப்பரும் இருந்துச்சு. நான் பேப்பர்னா கேரண்டி கார்டு மாதிரின்னு நெனச்சிருந்தேன். அவரே சிரிச்சுட்டு, இது அப்பன் ஆயி யாருன்னு சொல்ற காயிதம்தான், நோயில்லன்னு சொல்ற காயிதம் இல்லன்னாரு. குட்டி கழுத்துத் தோலுக்கடியில இருக்கற மைக்ரோசிப் நம்பரும் காயிதத்துல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு ரீடர் வச்சு பாத்துக்கணுமாம், இல்லன்னா ஒரு நாய் பேப்பரை இன்னொரு நாய்க்கு குடுக்கறவங்களும் இருக்காங்களாம். கடைசியில குட்டி அப்ப இல்லவே இல்ல, அஞ்சு மாசம் காத்திருங்கன்னுட்டாரு. காத்திருந்தோம். ஒரு நிபந்தனை மட்டும் எழுதி வாங்கினாரு, எப்பவாவது வளக்க முடியலன்னா வேற யாருக்கும் குடுக்கக்கூடாது, தெருவுல வுடக்கூடாது, என்கிட்டயே கொண்டாந்து வுட்டுடுங்கன்னு.

உங்க கட்டுரையில ஹஸ்கி படம் பெருசா போட்டிருந்தீங்களே, அதுக்கு மட்டும் என் கண்டனம். அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரி தாண்டற வேலூர்ல, பனியில வண்டி இழுக்கற நாயை எதுக்கு சார்? சத்துவாச்சாரில ஒரு ஊட்டுல பாத்தேன், கரண்ட்டு போனா அது பாத்ரூம் ஈரத்தரைய வுட்டு எழுந்துக்கறதில்ல. பக் மாதிரி மூக்கு அமுங்கினதுங்க பாடு இன்னும் மோசம், நாய் மூச்சு வாங்கித்தான் உடம்பு சூட்டை எறக்கணும், அந்த மூச்சுக்கே அதுங்களுக்கு வழி இல்ல. நம்மூர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைய ஒரு மூலையில சின்னதா போட்டுட்டீங்க. ராஜபாளையம் 2005ல தபால்தலையிலயே வந்த நாய் சார். அதை வாங்கறவங்களும் ஒண்ணு பாக்கணும், பால்வெள்ளை குட்டிங்கள்ல சிலது பொறவிச்செவிடா இருக்கும். கூட்டமா இருக்கும்போது கண்டுபுடிக்க முடியாது, மத்ததுங்க திரும்பினா அதுவும் திரும்பும். தனியா தூக்கி வச்சு, பின்னால நின்னு கை தட்டிப் பாக்கணும்.

குட்டிதான் வேணும்னு கூட இல்ல. பெங்களூருக்கு மாத்தலாகிப் போறவங்க, பிளாட்டுல வச்சுக்க முடியாதவங்க, நாலஞ்சு வயசு லேபை யாராவது எடுத்துக்கறீங்களான்னு கேட்டுகினேதான் இருக்காங்க. வளந்த நாய்னா எவ்ளோ பெருசாவும், குணம் எப்படின்னு கண்ணாலயே தெரியும், ரெண்டு மூணு தரம் போய் கூட நடந்துட்டு வந்து முடிவு பண்ணலாம். காட்பாடியில அப்படி ஒண்ணு வந்துச்சு, என் ஊட்டுக்காரி எடுத்துக்கலாம்னா, நான்தான் பழைய நாய் நமக்கு ஒட்டாதுன்னு தட்டிக்கழிச்சேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

எங்க குட்டிக்கு இப்ப ஏழு மாசம், 24 கிலோ, என் செருப்பு மூணு ஜோடி காலி. குடியாத்தத்துக்காரரு மாசம் ஒருக்கா போன் பண்ணி எடை கேக்கறாரு. அந்த டோல்கேட்டுக்காரன் நம்பரையும் நான் இன்னும் அழிக்கல. நேத்து அவன் ஸ்டேட்டஸ்ல ஆறு குட்டி வச்சிருந்தான், அதே பிஸ்கட் பொட்டி, கீழ "45 நாள், ஹெவி போன், டெலிவரி உண்டு"ன்னு போட்டிருக்கான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பொய்கை, வேலூர் மாவட்டம்