லாவோஸை மறந்த விவாதம்

ஆசிரியருக்கு,

அமெரிக்க வெளியுறவுக் கொள்கையை ஆதரிப்பவர்கள் மார்ஷல் திட்டத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். சரி, இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய மேற்கு ஐரோப்பாவை அந்த அமெரிக்க நிதியுதவி தூக்கி நிறுத்தியது உண்மைதான். ஆனால் வியட்நாமுக்குப் பக்கத்தில் இருக்கும் லாவோஸ்? 1964 முதல் 1973 வரை அந்தச் சின்ன நாட்டின் மீது அமெரிக்கர்கள் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டார்கள், அதுவும் சொந்த மக்களிடமே மறைத்து. கொத்துக் குண்டுகள் நடுவானில் பிளந்து நூற்றுக்கணக்கான சின்னக் குண்டுகளைச் சிதறவிடும்; அவற்றில் வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும். விளையாட்டுச் சாமான் என்று எடுத்த குழந்தைகள் கை இழந்தார்கள், உயிரையும் இழந்தார்கள். போர் முடிந்த பிறகு பிறந்த குழந்தைகள்! 2016-இல் ஒபாமா அங்கே போய், குண்டுகளை அகற்ற 9 கோடி டாலர் அறிவித்தார், மன்னிப்பு கேட்கவில்லை. ஐரோப்பாவுக்குச் செய்த உதவியைக் காட்டி இந்தக் கணக்கை நேர்செய்யப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்