கான் சார், உங்கள் கோபுரத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள ஃபஸ்லூர் ரஹ்மான் கான் அவர்களுக்கு,

1982-இல் காலமானவருக்குக் கடிதம் எழுதுவது கொஞ்சம் அசட்டுத்தனம்தான். ஆனால் சிகாகோவில், பொறியாளராக நீங்கள் எழுப்பிய 110 மாடிக் கோபுரத்தைப் பார்க்க டாக்சி ஏறி ‘வில்லிஸ் டவர்’ என்றேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, ‘சியர்ஸ் டவர்தானே?’ என்று திருத்தினார். அப்போதே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

சியர்ஸ் ரோபக் கம்பெனிக்கு அன்று என்ன குறை? உலகிலேயே பெரிய சில்லறை வியாபாரம். ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்த ஊழியர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர நினைத்தார்கள். அவர்களுக்குக் கீழே மைதானம் போல அகலமான தளங்கள் வேண்டும். மேலே வாடகைக்கு விடுவதற்குச் சின்னத் தளங்கள் போதும். இந்தக் கணக்கைத்தான் நீங்களும் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமும் கோபுரமாக்கினீர்கள். அவர் கைநிறைய சிகரெட்டுகளைச் சேர்த்துப் பிடித்து, ஏற்றி இறக்கி உங்களிடம் காட்டினார் என்று சொல்வார்கள்.

எனக்கு ஈர்க்குச்சிதான் தோன்றும். ஒற்றைக் குச்சி ஊதினாலே வளையும்; கட்டிவைத்தால் விளக்குமாறு. உயரக் கட்டடத்துக்கு எடையைவிடக் காற்றுதான் பெரிய பகை. அதனால் சுற்றிலும் தூண்களே சுவராக நிற்கும் 75 அடிச் சதுரக் கூடுகள், அதாவது குழாய்கள், ஒன்பதை, மூன்றுக்கு மூன்றாக ஒட்டி நிறுத்தினீர்கள். 15 அடிக்கு ஒரு தூண். பக்கத்துக் குழாய்க்கும் அதே சுவர். 50ஆவது மாடியில் இரண்டு குழாய்கள் நின்றுவிடுகின்றன, 66இல் இன்னும் இரண்டு, 90இல் மூன்று. மிச்சம் இரண்டுதான் 110 மாடி வரை போகின்றன. காற்று பலமாக அடிக்கும் உயரத்தில் கட்டடமே மெலிந்துவிடுகிறது. சதுர அடிக்கு 33 பவுண்டு எஃகு போதுமாக இருந்தது. அதைவிடக் குட்டையான நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கே 42 பவுண்டு ஆனது. இந்த ஒரு ஒப்பீட்டுக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு.

டாக்காவில் பிறந்து, 1952-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர் நீங்கள். எஃகு மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்த 1971-இல் உங்கள் ஊர் எரிந்துகொண்டிருந்தது. பகலில் காற்றின் விசையைக் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் சிகாகோ வங்காளிகளைத் திரட்டி வங்கதேசத்துக்கு நிவாரணம் சேர்த்தீர்கள். எப்போது தூங்கினீர்களோ.

1973-இல் சியர்ஸ் குடியேறியது. இருபது வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. 1992-இல் புறநகரான ஹாஃப்மன் எஸ்டேட்ஸுக்கு மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். 1998 வரை உலகிலேயே உயரம் என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது. கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் கோபுரங்கள் வந்ததும் அதுவும் போயிற்று. 2009-இல் வில்லிஸ் என்ற லண்டன் காப்பீட்டுத் தரகர்கள் சில தளங்களை வாடகைக்கு எடுத்தார்கள், பெயரும் அவர்களுடையதாகிவிட்டது. குடித்தனக்காரர் பெயரை வீட்டுக்கு வைத்த கதை! ஊர்க்காரர்கள் இன்னும் பழைய குடித்தனக்காரரின் பெயருக்காகச் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டு பேர் மீதும் பாசமில்லை.

103ஆவது மாடியில் சுவருக்கு வெளியே துருத்தி நிற்கும் கண்ணாடிப் பெட்டியிலும் ஏறினேன். கால் முன்னே போக மறுத்தது. பெட்டி பிற்பாடு ஒட்டியது என்றாலும், அதைத் தாங்கும் கோபுரம் உங்கள் கணக்கு என்று நம்பித்தான் எட்டு வைத்தேன்.

இறங்கி வந்தால், ஃபிராங்க்ளின் தெருவும் ஜாக்சன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு பலகை: ‘ஃபஸ்லூர் ஆர். கான் வே’. டாக்சிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் எங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டிருப்பாரோ!

அன்புடன்,
உங்கள் ரசிகன் ஒருவன்