போய்சியிலிருந்து அம்மாவுக்கு

போய்சி, ஐடஹோ
8 பிப்ரவரி 2015

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டுவிட்டேன், கோபிக்காதே. நான் நன்றாக இருக்கிறேன். அப்பா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

குளிர்கூடப் பரவாயில்லை, மாவுதான் புளிக்க மாட்டேன் என்கிறது. இந்த ஊரில் கார் நம்பர் பிளேட்டிலேயே உருளைக்கிழங்கின் புகழ் பாடியிருப்பார்கள். எனக்கும் வாரத்தில் நாலு நாள் உருளைக்கிழங்குதான். காசுக்காக இல்லை, பிடித்துத்தான்.

எதிர்வீட்டுப் பாட்டிகள் இரண்டு பேரையும் அக்கா தங்கை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது தப்பு. முப்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள். அக்டோபரிலிருந்து இங்கே பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணம் சட்டப்படி செல்லும் என்றானதும் நவம்பரில் பதிவு செய்துகொண்டார்கள். எனக்கும் கேக் வந்தது.

மூத்தவர் ரிட்டயர்டு டீச்சர். போன பிப்ரவரியில் இங்கே மாநில செனட் வாசலை மறித்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்று கைதான 44 பேரில் ஒருவர். போராட்டம் நாலே வார்த்தைக்கு. இனம், மதம் பார்த்து வேலையைவிட்டு நீக்கக் கூடாது, வீடு தர மறுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. அதில் பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம் என்று சேர்க்கச் சொல்கிறார்கள். தமிழில் எண்ணிப் பார்த்தேன், நாலுதான் வருகிறது! போய்சி நகரசபை 2012லேயே தனக்கென்று சட்டம் போட்டுவிட்டது. அப்படிச் சட்டம் போடாத ஊர்களில், கல்யாணப் படத்தை மேசையில் வைத்ததற்காக முதலாளி வேலையைவிட்டு அனுப்பினாலும் மாநிலச் சட்டத்தில் கேள்வி இல்லை.

பல வருடம் இந்த மசோதாவுக்கு விசாரணையே கொடுக்காத மாநிலச் சட்டசபைக்காரர்கள் போன மாதம்தான் கொடுத்தார்கள். மூன்று நாள், இருபது மணி நேரத்துக்கு மேல் ஜனங்கள் வந்து பேசினார்கள். மத நம்பிக்கைக்கு ஆபத்து, கழிவறைக்கு ஆபத்து என்று எதிர்த்தவர்களும் நிறையப் பேர். கடைசி நாள் பாட்டியை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். குழுவில் 13க்கு 4 என்று மசோதாவை அப்படியே நிறுத்திவிட்டார்கள். திரும்பும்போது பாட்டி கையுறையைக் கழற்றி மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டுக்கொண்டே வந்தார். "அடுத்த வருடமும் வண்டி ஓட்டுவாயா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. உன் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில் சின்னவன் பெயர் வேண்டாம் என்று சித்தப்பா சொல்கிறாராமே. எனக்கு அம்மை போட்டிருந்தபோது, பக்கத்தில் போகாதே என்று நீங்கள் எல்லாரும் விரட்டியும் ஜன்னலுக்கு வெளியே நின்று வேப்பிலை வீசியது அவன்தானே அம்மா? இங்கே காய்ச்சல் வந்தால் ஜன்னல் பக்கம் பார்த்தபடிதான் படுத்திருக்கிறேன். சும்மா, பழக்கம்.

பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே அவன் பெயரைப் போடு. சித்தப்பா கேட்டால் நான் சொன்னதாகச் சொல். அவனுடைய சென்னை நம்பர் தங்கச்சியிடம் இருக்கிறது, அவளுக்குத் தெரியாதென்று சொன்னால் நம்பாதே.

மண்டபத்துக்குப் பாதிதான் அனுப்பியிருக்கிறேன், பேங்கில் ஏதோ தாமதம். மீதி மாசி கடைசிக்குள் வரும். சமையல்காரருக்கு அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம். ப்ரூஃப் வந்தால் அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மகன்