கண் வைத்தியருக்கும் ஒரு சாதகக் கட்டை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணுவிலில் ஒரு தவில் வித்துவானின் அயலவன் நான். திருவிழா இல்லாத மாதங்களிலும் விடியற்காலையில் அவர் மரக்கட்டையில் சாதகம் செய்வது வேலி தாண்டிக் கேட்கும். முப்பது வருடம் வாசித்தவருக்கு இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினார்.

சென்ற மாதம் என் மனைவிக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. நன்றாகவே பார்க்கிறார், குறை சொல்ல எழுதவில்லை. வில்லையை மூடியிருக்கும் உறையின் முன்பக்கத்தை ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் வட்டமாகக் கிழித்துத்தான் புரையை எடுக்கிறார்களாம். பின்பக்க உறையோ தலைமயிரின் பத்தில் ஒரு பங்கு தடிப்புக்கூட இல்லை. அது கிழிந்தால் பின்னாலிருக்கும் கூழ் முன்னே வந்துவிடும். கைதேர்ந்தவர்களிடம் நூற்றுக்கு ஒன்றிரண்டு தடவைதான் அப்படி நேரும். ஆகவே அதைச் சமாளிக்கும் பழக்கம், நாளாந்தம் சத்திரசிகிச்சை செய்பவருக்கே அரிதாகத்தான் வாய்க்கிறது.

பிரித்தானியாவில் கணினித் திரையில் கண்ணைக் காட்டிப் பழக்கும் பொறிகள் வந்த காலத்தில், முதலிரண்டு ஆண்டுப் பயிற்சி வைத்தியர்களிடம் இப்பின்பக்க உறை கிழிவது 2009 இல் 4.2 சதவீதமாக இருந்து 2015 இல் 2.6 ஆகக் குறைந்தது. அது புதியவர்களின் கணக்கு. என் யோசனை அனுபவசாலிகளைப் பற்றியது. 2020 இல் கொரோனா, 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு என்று அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் நாடெங்கும் தள்ளிப்போயின. பிரசவ விடுமுறை, வெளிநாட்டுப் படிப்பு, பழுதான இயந்திரம் என்று சாதாரண நாளிலும் இடைவெளி விழத்தான் செய்கிறது. திரும்பி வருபவரின் முதல் நோயாளி யார் என்று நாம் கேட்பதில்லை.

விலையுயர்ந்த பொறிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. சேவையிலிருந்து ஒதுக்கிய ஒரு நுணுக்குக்காட்டி, அதற்கென்றே தனியாக வைத்த கருவிகள், இறைச்சிக் கடையில் எறியும் ஆட்டுக்கண்கள் போதும், தொடங்கலாம். இளம் ஆட்டின் உறை வயோதிபருடையதைவிட இழுபடும், முழு ஈடாகாதுதான். தவில்காரரின் கட்டையும் தவிலல்லவே! 1978 இல் தொடங்கிய நம் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் ஓர் அறை ஒதுக்கினால் கிளிநொச்சி, மன்னார் வைத்தியர்களும் வந்து பழகலாம். சில மாதங்கள் விட்டுத் திரும்புபவர் ஒரு பிற்பகல் அங்கே இருந்த பிறகே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகவேண்டும் என்று சுகாதார அமைச்சு விதித்தால் இன்னும் நல்லது.

மனைவியின் மற்றக் கண்ணுக்கு நல்லூர்த் திருவிழா முடிய வரச்சொல்லிக் கிளினிக் கொப்பியில் எழுதித் தந்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
இணுவில் வாசகர்