பலகை அடிக்கக் கொடுக்கும் முன்

அன்புள்ள செல்விக்கு,

நேற்று போனில், டெக்சாஸில் மாவட்ட நீதிபதி தேர்தலில் நிற்பதற்கான பிரசாரப் பலகைக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறேன் என்றாய். கொடுக்காதே. பொருளாளரை இன்னும் நியமிக்கவில்லை என்றும் அதே மூச்சில் சொன்னாயே, அதனால்தான். டெக்சாஸ் தேர்தல் சட்டப்படி, பிரசாரப் பொருளாளரை நியமிக்கும் படிவம் போய்ச் சேரும்வரை பிரசாரத்துக்கென்று ஒரு டாலர் வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. சொந்தக் காசு என்பதால் சலுகை கிடையாது. மாவட்ட நீதிமன்றப் பதவி என்பதால் படிவம் ஆஸ்டினில் உள்ள, பிரசாரப் பணக் கணக்கைக் கண்காணிக்கும் டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷனுக்குப் போக வேண்டும். கவுண்டி (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி) கோர்ட் பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள்தான் உள்ளூரிலேயே கொடுப்பார்கள். அவர்களைப் பார்த்து நீயும் ரிச்மண்டில் உள்ள உன் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி அலுவலகத்தில் நீட்டிவிட்டு வந்தால், கொடுத்த கணக்கில் சேராது. நீதிபதி வேட்பாளருக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. பொதுப் படிவத்தை நிரப்பிவிடாதே.

மாப்பிள்ளையைப் போடலாமா என்று கேட்டாய். போடலாம், உன்னையே கூடப் போட்டுக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. ஆனால் உன் வழக்குகளோடு ஒட்டும் உறவும் இல்லாத, வரவு செலவு எழுதிப் பழகிய ஒருவர் நல்லது. ஒன்றை மட்டும் மனதில் வை: டெக்சாஸில் கணக்கறிக்கை தாக்கல் செய்யும் பொறுப்பு வேட்பாளருடையது. பொருளாளர் மறந்துபோனாலும் அபராத நோட்டீஸ் உன் பெயருக்குத்தான் வரும். தேர்தலுக்கு 8 நாள் முன்பு தர வேண்டிய அறிக்கை தாமதமானால் முதல் நாளுக்கு 500 டாலர், பிறகு நாளொன்றுக்கு 100 டாலர், 10,000 வரை ஏறும். ஜனவரி 15, ஜூலை 15, தேர்தலுக்கு 30 நாள் முன்பு, 8 நாள் முன்பு என்று நான்கு தவணையையும் இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடு.

தகுதி விஷயத்தில் உனக்குச் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் தேதிகளை எடுத்து எண்ணிப் பார். 2021 நவம்பரில் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பு நான்கு ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் போதும். 2025 ஜனவரி 1 முதல் தொடங்கும் பதவிக்காலத்துக்குப் புதிதாகத் தேர்வாகும் மாவட்ட நீதிபதிக்கு எட்டு ஆண்டு வேண்டும். டெக்சாஸ் லைசென்ஸில் தொழில் செய்த ஆண்டுகளைத்தான் எண்ணுவார்கள். நீ நியூ ஜெர்சியில் இருந்த மூன்று வருஷம் இதில் வராது. அந்த மாவட்டத்தில் இரண்டு ஆண்டு குடியிருந்திருக்கவும் வேண்டும்.

2028 மார்ச்சில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், இப்போதைய விதிப்படி 2027 டிசம்பர் இரண்டாம் திங்கள், அதாவது 13-ஆம் தேதி, மாலை 6 மணி. நீதிபதி வேட்பாளர் நன்கொடை வாங்க ஒரு காலவரம்பு உண்டு: அந்தக் கடைசி நாளுக்கு 210 நாள் முன்பு தொடங்கும். எண்ணிப் பார்த்தால் மே மாதம் நடுவில் வருகிறது. அதற்கு முன்னால் யாராவது பாசத்தோடு செக் கொடுத்தால் கையில் வாங்கி வைத்துக்கொண்டு "மே மாதம் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லாதே. அங்கேயே திருப்பிக் கொடு. பொருளாளர் படிவம் போன பிறகு சொந்தக் காசைச் செலவு செய்ய அந்த 210 நாள் தடையில்லை.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நல்ல வக்கீல்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

உன் மாமா திருச்சியிலிருந்து இரண்டு லட்சம் அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாங்கக் கூடாது. அமெரிக்கக் குடிமகனும் இல்லை, கிரீன் கார்டும் இல்லை என்றால், அந்த நாட்டின் எந்தத் தேர்தலுக்கும், உள்ளூர்த் தேர்தல் உட்பட, ஒரு காசும் தரக் கூடாது; இது மத்தியச் சட்டம். மாமா உனக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, நீ அதைப் பிரசாரத்தில் போடுவது என்ற குறுக்குவழியை அவரே யோசித்து வைத்திருக்கிறார். அதுவும் வேண்டாம். அங்கே இருக்கிற நம் நண்பர்கள் விஷயமும் இப்படித்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர் தரலாம். ஹெச்-1பி-யில் இருப்பவர் தரக் கூடாது. முகத்துக்கு நேராக "உங்க விசா என்ன?" என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். அதனால் நன்கொடைச் சீட்டிலேயே "நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்" என்று ஒரு கட்டம் அச்சடித்துவிடு, கேள்வி காகிதத்தோடு போய்விடும். ஹெச்-1பி-காரர்கள் சம்பளமில்லாமல் வந்து வீடு வீடாக நடக்கலாம், போன் செய்யலாம். சாப்பாடும் பில்லும் அவர்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்.

கம்பெனிப் பணம் அறவே கூடாது. இன்கார்ப்பரேட் செய்த மளிகைக்கடையின் செக்காக இருந்தாலும் கார்ப்பரேஷன் கார்ப்பரேஷன்தான். மீறினால் அது ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கிலிருந்து எழுதித் தரட்டும். ரொக்கமாக ஒருவரிடமிருந்து ஓர் அறிக்கைக் காலத்தில் 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டுக் கூட்டத்தில் உண்டியல் மாதிரி டப்பா வைப்பது நம்மவர்களுக்குக் கைவந்த பழக்கம். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாத டப்பாவை வைத்து நீ எந்த அறிக்கையும் எழுத முடியாது.

தனிநபர் வரம்பு மாவட்டத்தின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 2,50,000-க்கும் பத்து லட்சத்துக்கும் இடைப்பட்ட இடத்தில், ஒரு தேர்தலுக்கு ஒருவர் 2,500 டாலர் வரை. ஃபோர்ட் பெண்ட் 2020 கணக்கெடுப்பில் எட்டு லட்சத்துச் சொச்சம், ஆகவே இதுதான் உனக்கு. பக்கத்து ஹாரிஸ் கவுண்டியில் 5,000. சட்ட நிறுவனங்களுக்குத் தனி முடிச்சு ஒன்று உண்டு: ஒரே நிறுவனத்தின் பங்குதாரர்கள், அசோசியேட்கள், ஊழியர்கள் எல்லாரும் தந்ததைக் கூட்டி அந்த வரம்பின் ஆறு மடங்கு, அதாவது உன் விஷயத்தில் 15,000, எட்டிவிட்டால் அதற்கப்புறம் அங்கிருந்து யாரிடமும் 50 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. ஆகவே கொடுப்பவரின் தொழில், வேலை செய்யும் இடம், சட்ட நிறுவனத்தின் பெயர் மூன்றையும் செக் வாங்கும் நேரத்திலேயே எழுதி வாங்கு. நீதிபதி வேட்பாளரின் அறிக்கையில் இவை வேண்டும். இரவு பதினொரு மணிக்கு அறிக்கை ஏற்றும்போது தேட முடியாது.

புளோரிடாவில் நீதிபதி வேட்பாளர் தானே நேராக நன்கொடை கேட்கக் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. டெக்சாஸில் அந்தத் தடை இல்லை, கேட்கலாம். கேட்கலாம் என்பதற்காக, நாளைக்கு உன் முன்னால் வழக்காடப் போகிறவரிடம் நீயே போன் போட்டுக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வேலையை உன் பிரசாரக் கமிட்டி செய்யட்டும்.

இனி விண்ணப்பம். உன் நீதிமன்றம் முழுக்க ஒரே கவுண்டிக்குள் அடங்குவதால், அது கட்சியின் கவுண்டித் தலைவரிடம் போகும். கட்டணம் 1,500 டாலர். பதினைந்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஹாரிஸில் 2,500 டாலரோடு 250 வாக்காளர் கையெழுத்தும் வேண்டும். உனக்கு அந்தத் தொல்லை இல்லை. விண்ணப்பத்தில் நோட்டரி போன்ற அதிகாரமுள்ளவர் முன் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும், அது இல்லாமல் செல்லாது. நீதிமன்றத்தின் எண்ணைத் தவறாக எழுதினால் நீ கேட்காத பதவிக்குப் போட்டியிடுகிறாய் என்று அர்த்தம். தலைவர் கட்சிக்காரர்தான், தேர்தல் அதிகாரி இல்லை; அவரிடம் குறை கண்டுபிடிக்க நேரம் கொடு. கடைசி நாள் மாலை ஐந்தரைக்குப் போனால் குறையைத் திருத்த அரை மணிதான் இருக்கும். தாக்கல் தொடங்கிய முதல் வாரத்திலேயே கொடுத்துவிடு.

வாக்குச்சீட்டில் வரும் பெயர்தான் உன் பாதிப் பிரசாரம். முழுப் பெயர் தமிழ்ச்செல்வி, அதோடு குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர். அங்கே வாக்காளர் இதை உச்சரிக்கப் பயந்து அடுத்த பெயருக்கு நகர்ந்துவிடுவார். இயற்பெயரின் சுருக்கமாக நீ உண்மையாகவே அழைக்கப்படும் பெயரைப் போடலாம். செல்வி அதில் அடங்கும். பட்டப்பெயராகச் சேர்க்க விரும்பினால் விதி வேறு: ஒரே சொல், பத்து எழுத்துக்கு மிகாமல், குறைந்தது மூன்று ஆண்டாக அந்தப் பெயரில் நீ அறியப்பட்டிருக்க வேண்டும், அதற்கு ஒரு பிரமாணப் பத்திரமும் வேண்டும். கோர்ட்டிலும் கிளையன்ட்டிடமும் செல்வி என்றே கையெழுத்துப் போட்டுப் பழகு. பலகையில் ஒரு பெயர், வாக்குச்சீட்டில் இன்னொன்று என்று இருந்தால் பலகைக்குச் செலவழித்தது வீண். பிரைமரியில் பெயர் வரிசை குலுக்கலில் வரும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பலகையில் "செல்வி ஃபார் ஜட்ஜ்" என்று வர வேண்டும். "செல்வி, ஜட்ஜ்" என்று போட்டால் ஏற்கெனவே நீதிபதியாக இருப்பது போலத் தோன்றும், அது குற்றம். "ஃபார்" என்ற சொல்லின் எழுத்து, "ஜட்ஜ்" என்ற பதவிப் பெயரின் எழுத்தளவில் பாதியாவது இருக்க வேண்டும். வடிவமைப்பவர்கள் அழகுக்காக அதைக் கடுகளவுக்குக் குறைத்துவிடுவார்கள், ஸ்கேல் வைத்து அளந்து பார். யார் பணம் கொடுத்தது என்ற வரியும், நெடுஞ்சாலை ஓரத்தில் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை வரியும் தேவை. கறுப்பு அங்கி போட்ட படம் வேண்டாம்.

உன் கவுண்டியில் உள்ள சுகர் லேண்ட் ஊரில் குடியிருப்போர் சங்கங்கள் பலகையைப் பிடுங்கச் சொல்லி மிரட்டும். தேர்தலுக்கு 90 நாள் முன்பிலிருந்து, முடிந்து பத்து நாள் ஆகும்வரை அவர்களால் முழுத்தடை போட முடியாது, மாநிலச் சொத்துச் சட்டம் அப்படி. ஆனால் ஒரு வேட்பாளருக்கு ஒரு வீட்டில் ஒரு பலகை, தரையில் நட்டது, 4 அடிக்கு 6 அடிக்கு மேல் போகாதது என்று கட்டுப்பாடு வைக்கலாம்.

பேசுவதுதான் கடினம். நீதித்துறை நடத்தை விதி, குறிப்பிட்ட வகை வழக்கிலோ குறிப்பிட்ட வகைக் கட்சிக்காரரிடமோ இப்படித் தீர்ப்பேன் என்று தோன்றும்படி வாக்குக் கொடுக்கத் தடை விதிக்கிறது. கவுன்சிலருக்கு நிற்பவர் ரோடு போடுவேன் என்பார்; உன்னால் "குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனை உள்ளே தள்ளுவேன்" என்றுகூடச் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது: எத்தனை விசாரணை நடத்தியிருக்கிறாய், எந்த வகை வழக்குகள், தேங்கியிருக்கும் வழக்குகளுக்கு எப்படித் தேதி ஒதுக்குவாய், மனுவுக்கு எத்தனை நாளில் உத்தரவு போடுவாய், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறவரை எப்படி நடத்துவாய்.

தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் வரும் முதல் கேள்வி "நீங்க வந்தா எங்க விசா விஷயத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா?" என்பதுதான். குடியேற்றம் மத்திய அரசின் வேலை, மாவட்ட நீதிமன்றத்துக்கு வராது என்று சிரித்துக்கொண்டே சொல். இரண்டாவது கேள்வி "நம்ம ஆளு, நமக்கு நாலு நல்லது செய்வீங்கல்ல?" இதற்குத் தலையாட்டிவிடாதே. "உங்கள் வழக்கை முழுதாகக் கேட்பேன், எதிர்த்தரப்பையும் அதே அளவு கேட்பேன்" என்று சொல். கைதட்டு குறையும், பரவாயில்லை. இன்னொன்று, அங்கே கவுண்டி ஜட்ஜ் என்பவர் கவுண்டி நிர்வாகத்துக்குத் தலைவர், எலெக்‌ஷன் ஜட்ஜ் என்பவர் வாக்குச்சாவடிப் பொறுப்பாளர். நீ இந்த இரண்டும் இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு நிமிஷம் விளக்க வேண்டியிருக்கும்.

வேறு எந்தப் பதவிக்கு நிற்பவருக்கும் உன் பெயரால் ஆதரவு தரக் கூடாது. கட்சியை ஆதரிப்பதாகச் சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது. சங்கத் தலைவர் பள்ளி வாரியத்துக்கு நிற்கிறார், அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கச் சொல்வார். மறுத்துவிடு, விதியைக் காட்டு. பியர்லண்ட் மீனாட்சி கோயிலில் கும்பிட்டுவிட்டு வா, பிரசாதம் வாங்கும் வரிசையில் சீட்டு நீட்டாதே. அது பிரசோரியா கவுண்டி, வரிசையில் நிற்கிற பாதிப் பேருக்கு உனக்கு ஓட்டே இருக்காது.

2022-இல் உன் கவுண்டியின் 240-ஆவது மாவட்ட நீதிமன்றத்துக்குத் தேர்வான சுரேந்திரன் பட்டேல், காசர்கோட்டில் பீடி சுற்றிப் படித்தவர். பதவியிலிருந்த நீதிபதியைப் பிரைமரியில் வென்று வந்தார். அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் குறை சொன்னவர்கள் உண்டு. உன்னையும் சொல்வார்கள். 2020 முதல் ஒரே குறியில் கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப் போடும் வசதி டெக்சாஸில் இல்லை. வாக்காளர் நீளமான சீட்டில் கீழே இறங்கி உன் பெயரைத் தேடி எடுக்க வேண்டும், பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதனால் சாவடி வாசலில் 100 அடிக்கு வெளியே நின்று, பெயரும் நீதிமன்ற எண்ணும் மட்டும் உள்ள சின்ன அட்டையைக் கொடுப்பதுதான் கடைசி வாரத்தில் பலன் தரும் வேலை. அந்த 100 அடிக்குள் உன் பெயர் போட்ட டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு தொண்டர் யாரும் நுழையக் கூடாது, ஓட்டுப் போடவே போனாலும்.

வென்றால் ஜனவரி 1-இலிருந்து வக்கீல் தொழில் செய்ய முடியாது. நவம்பரிலிருந்து ஏழெட்டு வாரத்தில் கிளையன்ட் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தெரிவித்து, ஃபைலை வேறு வக்கீலிடம் மாற்றி, டிரஸ்ட் கணக்கில் இருக்கும் அவரவர் பணத்தைப் பைசா பாக்கியில்லாமல் திருப்ப வேண்டும். கோடையிலேயே ஒரு பட்டியல் போட்டு வை.

மாமாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். பொருளாளர் படிவம் போன அன்று எனக்கு ஒரு மெசேஜ் போடு, அதற்கப்புறம் பலகையின் மாதிரியை அனுப்பு, அளந்து சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா