மருந்துக்கடை அண்ணாச்சிக்கு

நேற்று ராத்திரி பத்து மணிக்குப் படுத்த மகன் காலை ஆறரைக்குத்தான் எழுந்தான். நான்தான் பழக்கதோஷத்தில் ரெண்டு மணிக்கு எழுந்து அவன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் கால் வலியோடு மூணு மாசம் பட்ட பாட்டைத் திரும்ப எழுதப் போவதில்லை. நீங்கள் எல்லாரும் கூடவே இருந்து பார்த்ததுதான். பணம் புரட்டித் தந்த உறவுகள், சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, விட்டுப்போன பாடத்தை எழுதிக் கொடுத்த அவன் கூட்டாளிகள், டாக்டர்கள், நர்ஸம்மாக்கள், எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் இந்த மடல் எங்கள் தெருமுனை மருந்துக்கடை அண்ணாச்சிக்கு.

நாலாவது தடவை அதே வலி மாத்திரையைக் கேட்டபோது அவர் தரவில்லை. "சீட்டு இல்லாம இனி கிடையாதும்மா. யாருக்கு?" எனக்குச் சுருக்கென்று கோபம். மகனுக்குக் கால் வலி, முதுகெலும்பில் டிஸ்க் விலகல் என்கிறார்கள் என்றேன்.

"பதினாலு வயசுலயா? எப்ப வலிக்கும்?"

ராத்திரி.

"மாத்திரை போட்டா?"

அரை மணியில் தூங்கிவிடுவான்.

ஒரு காலி டப்பாவைக் கிழித்து, அட்டையின் உள்பக்கம் எழுதினார்: 'ராத்திரி வலி. பகலில் குறைவு. மாத்திரைக்கு உடனே கேட்கிறது. மூணு மாசம்.' "டாக்டர்கிட்ட கால் வலின்னு ஆரம்பிக்காதீங்க. இதை மொதல்ல நீட்டுங்க."

நீட்டினேன். எலும்பு டாக்டர் ரெண்டு முறை படித்துவிட்டு, மகனைச் சட்டை கழற்றிக் குனியச் சொன்னார். முதுகு ஒரு பக்கமாய்க் கோணியிருந்தது. பெற்றவள் நான், கவனித்ததே இல்லை. எக்ஸ்ரேயில் பிடிபடாதது சிடி ஸ்கேனில் தெரிந்தது: இடுப்புப் பக்கத்து நாலாவது முள்ளெலும்பின் பின்புறம், பட்டாணி அளவில் ஒரு கட்டி. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவாம். புற்றுநோய் இல்லை, பரவாது. அதில் சுரக்கிற புரோஸ்டாகிளாண்டின் என்கிற ரசாயனம்தான் அந்த வலிக்குக் காரணம். மாத்திரை அந்தச் சுரப்பையே அடக்குவதால்தான் அப்படிக் கேட்டதாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி இறக்கி, 90 டிகிரியில் ஆறு நிமிஷம் சுட்டார்கள். மூணு மாசத் தூக்கத்துக்கு ஆறே நிமிஷம்!

இனி எந்தப் பிள்ளை கால் வலிக்குது என்றாலும் 'வளர்ற வயசு, அப்படித்தான்' என்று நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அண்ணாச்சி, உங்கள் அட்டையை டாக்டர் ஃபைலிலேயே வைத்துக்கொண்டார். மாத்திரையில் ஏழு மிச்சம் இருக்கிறது. வெட்டின மாத்திரை அட்டையைத் திருப்பி எடுக்கமாட்டீர்கள், தெரியும். புதன்கிழமை அவனே நடந்து வந்து கொடுப்பான், வாங்கிக் குப்பையில் போடுங்கள்.