வெறும் வயிற்றில் மைக் முன்னால் உட்காராதே

சாட்ஸ்வொர்த், டர்பன்
சனிக்கிழமை

அன்புள்ள பாப்பா,

இந்த வாரம் ஐந்து நாளும் உன் காலை ரேடியோ நிகழ்ச்சியை முழுசாகக் கேட்டேன். அண்ணன் மகன் போனில் போட்டுக் கொடுத்த ஆப் இப்போது பழகிவிட்டது. போனை வெண்கலச் சொம்புக்குள் நிறுத்தி வைத்தால் சத்தம் நன்றாக வருகிறது. ஆறு மணிச் செய்தி முடிந்து உன் குரல் வந்ததும், இவள் ஏதாவது குடித்துவிட்டுத்தான் பேச வந்தாளா என்ற நினைப்புதான் எனக்கு முதலில் வரும். மூன்று மணிக்கு எழுந்து போகிற பிள்ளை. வெறும் வயிற்றில் போகாதே. ஒரு ரஸ்க்காவது டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் போ. இருட்டில் ரோபோ, அதுதான் சிக்னல், விளக்கில் நிற்கும்போது கார்க் கண்ணாடியை இறக்காதே.

திங்கட்கிழமை அந்த அதிகாரியைப் பிடித்தாயே, அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, அத்தை மாதக்கணக்கில் வாளியோடு டேங்கர் லாரிக்குக் காத்து நின்றதை நீ மறக்கவில்லை. அதே மழை இன்னொரு தரம் பெய்தால் தாங்குமா என்று கேட்டாய். அவர் கமிட்டி என்றார், பட்ஜெட் என்றார். நீ குரலை உயர்த்தாமல் அதே கேள்வியை மறுபடி கேட்டாய். மூன்றாவது தரம் கேட்டுவிட்டு சும்மா இருந்தாய். கடைசியில் அவரே, உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார். அத்தைக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன்.

எங்களை மேகசின் பேரக்ஸ் குடியிருப்பிலிருந்து இங்கே கொண்டுவந்து இறக்கிய காலத்தில் ரேடியோவில் மந்திரி பேசுவார், நாங்கள் கேட்போம். குறுக்கே ஒரு கேள்வி வராது. டிவியே 1976-இல்தான் வந்தது. 1983-இல் நம் இந்தியர்களுக்கென்று ரேடியோ லோட்டஸ் ஆரம்பித்தபோது உன் அம்மா அடுப்படியை விட்டு நகரமாட்டாள். அப்புறம் ஐஸ்டெட்ஃபோட் கலைப் போட்டியில் நீ பரிசு வாங்கிய வருஷம் ஓல்ட் ஃபோர்ட் ரோட்டு ஸ்டுடியோ வாசலில் உன்னை நிறுத்திக் காட்டினேன், ஞாபகம் இருக்கும். அந்த ரோட்டுக்கு இப்போது கே. இ. மாசிங்கா பேர். 1941-இல் ரேடியோவில் ஜூலுவில் பேசிய முதல் அறிவிப்பாளர் அவர். என் பிள்ளையும் அந்த வேலையில் இருக்கிறாள் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை சர்க்கரை வியாதி டாக்டர். நல்லதுதான், பெரியம்மாவும் கேட்டாள்.

புதன்கிழமை புத்தக விமர்சனம். வந்திருந்த அம்மா நன்றாகப் பேசினார். பல வருஷம் வாழ்ந்த வீட்டை விட்டு ஒரே ஒரு பெட்டியோடு கிளம்புகிற பெண்ணின் கதை. அவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறீர்கள் என்று அவர் உன்னையே திருப்பிக் கேட்டார். நீ பேசவில்லை. காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஏழரைத் தலைப்புச் செய்திக்கு நேரம் இருக்கும்போதே விளம்பரத்தைப் போட்டுவிட்டாய். திரும்பி வந்ததும் போக்குவரத்துச் செய்திக்குப் போனாய். அந்தப் பெண்ணின் கதை அப்படியே நின்றுபோனது. அதிகாரியிடம் நீ சும்மா இருந்தது வேறு, இது வேறு. ரேடியோ கேட்டு வளர்ந்தவனுக்கு அது தெரியும்.

தொண்டை சரியில்லையா? ஜோகன்னஸ்பர்க் குளிர் வறண்ட குளிர். இஞ்சி தட்டிப் போட்டுக் குடி.

நேற்று ஃபோர்ட்ஸ்பர்க் ஹோட்டலைப் பற்றிச் சொன்னாய். நண்டுக் குழம்பில் புளி தூக்கல், மசாலா புதுசாக அரைத்தது என்று நீ சொன்னதெல்லாம் வாயில் ருசித்தது. சின்ன மேஜை கிடைத்தது வசதி என்றாய். பாதியைக் கட்டி வாங்கிப் போய் மறுநாள் காலையில் சூடு பண்ணித் தின்றதாகச் சொன்னாய். மாப்பிள்ளைக்கு நண்டு என்றால் உயிர். போன வருஷமெல்லாம் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அவர் என்ன தின்றார், எதற்கு முகம் சுளித்தார் என்று சொல்வாய், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இப்போது கொஞ்ச நாளாக அவர் பேச்சே வருவதில்லை.

நான் எதையும் கேட்கவில்லை, பாப்பா. ராத்திரி கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு படுக்கிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

லெனேசியாவிலிருந்து யாரோ ஒருவர் வாய்ஸ் நோட் அனுப்பினால் எல்லோருக்கும் போட்டுக் காட்டி, பேர் சொல்லிப் பதில் சொல்கிறாய். என் மெசேஜில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. உன் சுகத்தை நான் உன் நிகழ்ச்சியிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டுமா? பெரியம்மா கேட்டால், பிள்ளைக்கு வேலை அதிகம் என்று சொல்கிறேன். வேலை அதிகம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் அப்பாவுக்கு ஒரு வார்த்தை.

இங்கே எல்லோரும் சுகம். அண்ணன் வீட்டுப் பின்சுவர் கட்டி முடிந்தது.

அடுத்த மாதம் புரட்டாசி. ஒரு சனிக்கிழமையாவது வந்து அம்மா படத்துக்கு விளக்கேற்று. மாப்பிள்ளை வந்தால் சந்தோஷம். நீ மட்டும் வந்தாலும் இந்த வீட்டில் யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். பெரியம்மாவிடம் நான் சொல்லி வைக்கிறேன். இரண்டு நாள் இருந்தாலும் சரி, இரண்டு வருஷம் இருந்தாலும் சரி. ஒரு மைக்கும் நல்ல இன்டர்நெட் லைனும் இருந்தால் உன் வேலையை எங்கிருந்தும் செய்யலாமாம், அண்ணன் மகன் சொல்கிறான். பின்ரூமுக்கு லைன் இழுக்க என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டேன், கட்டுப்படியாகிற விலைதான். நீ சரி என்றால் திங்கட்கிழமையே ஆளை வரச் சொல்வேன்.

காரில் வருவதானால் ராத்திரியில் கிளம்பாதே. வான் ரீனன் கணவாயில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற லாரி தெரியாது. பகலில் கிளம்பி ஹாரிஸ்மித்தில் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு வா.

இதை அண்ணன் மகன் படம் எடுத்து அனுப்புவான். நாளைக்கு ஞாயிறு, உனக்கு நிகழ்ச்சி இல்லை. பத்து மணிக்குக் கூப்பிடுவேன், போனை எடு.

அப்பா